தொகுத்தலும் ஆராய்ச்சியே

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு நடைபெறும் அரங்குகளில் அடிக்கடி செவியில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "இது வெறும் தொகுப்புத்தானே, இதில் உங்கள் ஆராய்ச்சி எங்கே?" என்பதே அக்கேள்வி. பிறர் கண்டவற்றைத் திரட்டுவது எழுத்தர் பணி, புதியது காண்பதே அறிஞர் பணி என்னும் எண்ணம் நம் கல்வி உலகில் ஆழ வேரூன்றிவிட்டது. தமிழ் மரபு அவ்வாறு கருதியதில்லை. வழிநூலின் வகைகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் தொகுத்தலையே முதற்கண் வைத்தார். எட்டுத்தொகையைத் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் இல்லாதிருந்தால் சங்கச் சான்றோர் பலரின் பெயர்கூட நமக்கு எட்டியிராது.

தொகுத்தல் என்னும் செயல் எத்துணைப் பெரிய ஆராய்ச்சியாக முடியும் என்பதை 20-ஆம் நூற்றாண்டில் மெய்ப்பித்துக் காட்டியவர் ஓர் அமெரிக்கக் கல்வி உளவியல் பேராசிரியர். ஜீன் கிளாஸ் என்பது அவர் பெயர். பள்ளிக்கூடங்களையும் தேர்வு மதிப்பெண்களையும் ஆராயப் பயின்றவர் அவர். அவர் பெயரிட்டு உருக்கொடுத்த முறையோ பின்னர் மருத்துவமனைகளில் உயிர்காக்கும் கருவியாயிற்று. அவருடைய ஆய்வு வாழ்வை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

1940-ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் பிறந்த கிளாஸ், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் ஜெர்மானிய மொழியும் பயின்றார். அங்கே ராபர்ட் ஸ்டேக் என்னும் ஆசிரியரின் தொடர்பு அவரைக் கல்வி அளவீட்டுத் துறைக்குத் திருப்பியது. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லியிடம் பயின்று 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆசிரியரும் மாணவரும் இணைந்து 1970-இல் வெளியிட்ட கல்வி, உளவியல் புள்ளியியல் நூல் அத்துறையில் புகழ்பெற்ற பாடநூலாயிற்று. கொலராடோவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் அதன்பின் அரிசோனாவிலும் பேராசிரியராக விளங்கினார். இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் நல்ல புள்ளியியல் ஆசிரியர்களுள் ஒருவராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார்.

திருப்பம் ஒரு பகைமையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1952-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனநோயாளரிடம் உரையாடியே நோய் தீர்க்க முயலும் உளச்சிகிச்சையால் பயன் விளைகிறது என்பதற்குச் சான்றில்லை. நரம்புத்தளர்ச்சி நோயாளருள் மூன்றில் இருபங்கினர் சிகிச்சை ஏதுமின்றியே ஏறத்தாழ இரண்டாண்டுகளில் தேறிவிடுகின்றனர் என்பது அவர் வாதம். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் இரு கட்சியினரும் தத்தமக்கு உகந்த ஆய்வுகளைப் பொறுக்கி எடுத்துக்காட்டி, ஏனையவற்றைக் 'குறையுடையவை' என ஒதுக்கி வாதாடினர். நம் பட்டிமன்றங்களிலும் இம்முறையே கையாளப்படுகிறது என்பதை இடையிலே சொல்லிவைக்கலாம்.

கிளாஸோ தாமே உளச்சிகிச்சை பெற்றுப் பயனடைந்தவர். இதனை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். எனவே ஐசென்க்கின் கூற்று அவரை உறுத்தியதில் வியப்பில்லை. ஆயினும் அவர் எதிர்க்கட்டுரை ஒன்றெழுதித் தம் சினத்தைத் தணித்துக்கொள்ளவில்லை. மேரி லீ ஸ்மித் என்பாருடன் சேர்ந்து, கட்டுப்பாட்டுக் குழுவை வைத்து நடத்தப்பெற்ற உளச்சிகிச்சை ஆய்வுகளைப் பொறுக்காமல் திரட்டத் தொடங்கினார். நல்லவை, குறையுடையவை, வெளியானவை, ஆய்வேடாகவே முடங்கியவை என எல்லாவற்றையும் சேர்த்தார்.

திரட்டியபின் ஒரு சிக்கல் எழுந்தது. ஓர் ஆய்வு அச்சத்தை அளந்தது; மற்றொன்று தன்மதிப்பை அளந்தது; வேறொன்று பணியில் அடைந்த முன்னேற்றத்தை அளந்தது. இவற்றை எவ்வாறு கூட்டுவது? ஆசிரியர்க்கு எளிதில் விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்று கூறலாம். ஒரு தேர்வாளர் எல்லார்க்கும் 55 முதல் 65 வரை மட்டுமே மதிப்பெண் இடுபவர். மற்றொருவர் 20 முதல் 95 வரை தாராளமாக ஏற்றி இறக்கி இடுபவர். முன்னவரிடம் 5 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவது பெரிய செய்தி. பின்னவரிடம் அஃது ஒன்றுமில்லை. ஆகவே வேறுபாட்டை அந்தந்த அளவீட்டின் பரவலால், அதாவது திட்ட விலக்கத்தால், வகுத்துவிட்டால் இருவர் இட்ட மதிப்பெண்ணும் ஒரே தராசில் நிற்கும். கிளாஸ் செய்தது அடிப்படையில் இதுவே. கணக்கு எளியது. ஆயின், ஒரு துறையின் ஆய்வுகள் அனைத்தையும் அத்தராசில் ஏற்றிப் பார்க்கத் துணிந்தவர் அரியர்.

1976-ஆம் ஆண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிக் கழக மாநாட்டில் நிகழ்த்திய தலைமையுரையில் இம்முறைக்கு 'மெட்டா அனாலிசிஸ்' எனப் பெயரிட்டார். தமிழில் இதனைத் 'தொகுப்பாய்வு' எனலாம். அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையில் 375 ஆய்வுகள் இடம்பெற்றன. சிகிச்சை பெற்ற ஒரு சராசரி நோயாளி, பெறாதவர்களுள் நூற்றுக்கு 75 பேரினும் நலமுற்றிருந்தார் என்பது முடிவு. 1980-இல் தாமஸ் மில்லரும் உடன்சேர்ந்து எழுதிய நூலில் ஆய்வுகளின் எண்ணிக்கை 475 ஆயிற்று. இன்னொரு முடிவும் வந்தது. அதுதான் பலர்க்குக் கசந்தது. தத்தம் சிகிச்சை முறையே சிறந்ததென முழங்கிவந்த பள்ளியினர்க்கிடையே விளைவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

ஐசென்க் இதனை மாபெரும் மடமை என்னும் பொருள்பட 1978-இல் எள்ளி எழுதினார். குப்பையைக் கொட்டினால் குப்பையே வரும் என்றனர் வேறு சிலர். கிளாஸ் தமக்கு வேண்டிய முடிவையே கண்டார் என ஐயுறவும் இடமுண்டு. அவர் சிகிச்சையால் பயன்பெற்றவராயிற்றே! இங்கேதான் தொகுப்பின் நேர்மை வெளிப்படுகிறது. எந்தெந்த ஆய்வுகளை எடுத்தார், ஒவ்வொன்றையும் எவ்வாறு மதிப்பிட்டார் என்பன வெளிப்படையாக இருந்தமையால், லேண்ட்மன், டாஸ் என்னும் இருவர் 1982-இல் அவற்றுள் தரமானவற்றை மட்டும் பிரித்தெடுத்து மறுபடியும் கணக்கிட்டனர். சிகிச்சையால் பயனுண்டு என்றே அப்போதும் முடிவு வந்தது. பெரிய பெயரினும் திறந்து வைத்த கணக்கே நம்பத்தக்கது என்பதற்குப் பிற்காலச் செய்தி ஒன்றும் துணைநிற்கிறது. புற்றுநோய்க்கும் மனவியல்புக்கும் உள்ள தொடர்பு முதலியன பற்றி ஐசென்க் மற்றொருவருடன் சேர்ந்து எழுதியவற்றுள் 26 கட்டுரைகள் நம்பத்தகாதன என லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை 2019-இல் முடிவு கூறிற்று. அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வகுப்பறையின் அளவு குறித்தும் கிளாஸும் ஸ்மித்தும் 1979-இல் தொகுப்பாய்வு வெளியிட்டனர். 77 ஆய்வுகளைத் திரட்டி, வகுப்பு சிறுத்தால் கல்வி பெருகும் என்றனர். ஆனால் 40 மாணவரை 30 ஆக்குவதால் விளையும் நன்மை சிறிது. 20-க்கும் கீழே இறங்கும்போதுதான் நன்மை விரைந்து கூடுகிறது. பின்னர் டென்னசி மாநிலம் 1985 முதல் நான்காண்டுகள் சமவாய்ப்பு முறையில் நடத்திய பெருஞ்சோதனையும் சிறு வகுப்பின் நன்மையைக் காட்டியது. அதிலும் கறுப்பினச் சிறுவர்கள் மிகுதியாகப் பயனடைந்தனர். அறுபது எழுபது பேரை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் நமக்கு இம்முடிவு இனிக்கும். இனிக்கும் முடிவாயிற்றே என்பதற்காக அதனைக் கூடுதலாக நம்பிவிடலாகாது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். பல ஆய்வுகளின் எண்களை இணைத்துக் காணும் முயற்சி மருத்துவத்துக்கு முற்றும் புதியதன்று. கார்ல் பியர்சன் 1904-ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படையினரிடையே டைபாய்டுத் தடுப்பூசி தந்த பயனை இவ்வாறு கணக்கிட்டார். ஆயினும் அவ்வழி தொடரப்படாமல் தூர்ந்தது. ஒவ்வொரு மருத்துவரும் தாம் மாணவராயிருந்தபோது கேட்டதையும் தம் அனுபவத்தையும் கொண்டே வைத்தியம் செய்துவந்தனர்.

அவ்வாறு செய்தவருள் ஒருவர் இயன் சாமர்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர். 1969, 1970-ஆம் ஆண்டுகளில் அவர் காஸாவில் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் முகாமில் பணிபுரிந்தார். தட்டம்மை வைரஸால் வருவது. ஆகவே வேறு தொற்று வெளிப்படும் முன்னர் ஆண்டிபயாடிக் மருந்து தரலாகாது என்பது அவர் கற்ற பாடம். அப்பாடத்தின்படியே நடந்தார். முன்கூட்டியே மருந்து தருவது பயன்படலாம் எனக் காட்டும் சோதனைகள் அதற்கு முன்னரே செய்யப்பட்டிருந்தன என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரிய வந்தது. தம்மிடம் வந்த குழந்தைகள் சிலர் இவ்வறியாமையால் துன்புற்றும் இறந்தும் இருக்கலாம் என அவரே எழுதியுள்ளார். சான்று இல்லாமற் போனதால் நேர்ந்த இழப்பன்று அது. இருந்த சான்றை எடுத்துத் தொகுத்துக் கையில் கொடுப்பார் இல்லாமையால் நேர்ந்தது. முகாமில் இருந்த தாய்க்கு இவ்விரண்டினிடையே வேறுபாடில்லை. கல்வித்துறையினராகிய நமக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

ஆர்ச்சி காக்ரேன் என்னும் மருத்துவ அறிஞர் 1972-இல் எழுதிய நூலில், பயனுடையதென மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைகளுக்குப் பொதுப்பணம் வீணாவதைக் கடிந்தார். ஒவ்வொரு மருத்துவப் பிரிவிலும் நிகழ்ந்த சோதனைகளைத் திறனாய்ந்து தொகுத்துக் காலந்தோறும் புதுப்பித்துவைக்க நமக்குத் தோன்றவில்லையே என 1979-இல் தம் தொழிலினரையே குற்றஞ்சாட்டினார். சாமர்ஸ் அச்சொல்லை ஏற்று, மகப்பேற்று மருத்துவத்தில் பணியைத் தொடங்கினார். 1993-இல் காக்ரேன் பெயராலேயே ஓர் உலகளாவிய கூட்டமைப்பு உருவாயிற்று.

அக்கூட்டமைப்பின் சின்னமே ஒரு கதை சொல்லும். வட்டத்தினுள் சிறு சிறு கிடைக்கோடுகள் காணப்படும். ஒவ்வொரு கோடும் ஒரு மருத்துவச் சோதனை. குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையிலுள்ள தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்து அது பிழைக்கும் வாய்ப்புக் கூடுமா என ஆராய்ந்தவை அவை. முதற்சோதனை நியூசிலாந்தில் நிகழ்ந்து 1972-இல் வெளியாயிற்று. அடுத்தடுத்து வந்தவற்றுள் பல சிறியவை. தனித்தனியே பார்த்தால் ஐயத்துக்கிடமானவை. சேர்த்துப் பார்த்தாலோ, முதிர்ச்சிக் குறைவால் குழந்தை இறக்கும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைவது தெளிவாயிற்று. ஆனால் 1989 வரை எவரும் முறைப்படி சேர்த்துப் பார்க்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் சிசுக்கள் வீணே மாண்டிருக்கக்கூடும் எனக் கூட்டமைப்பினர் மதிப்பிட்டனர்.

மாரடைப்பு மருத்துவத்திலும் இதே கதைதான். உறைந்த குருதியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைக் குறித்து 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடந்தன. லாவ் முதலியோர் 1992-இல் அவற்றைக் கால வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, 1973-லேயே, 8 சோதனைகளும் 2,432 நோயாளிகளும் முடிந்த அளவில், மருந்து உயிர்காப்பது உறுதியாகியிருந்தது. அதன்பின் 34,542 பேர் மேலும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் கட்டுப்பாட்டுக் குழுவில் விழுந்தோர்க்கு அம்மருந்து கிட்டவில்லை. 'புதியது காண்பதே ஆராய்ச்சி' என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

தொகுப்பாய்வு பொய்யா மொழி என்று நாம் கூற வரவில்லை. பயன் கண்ட ஆய்வு அச்சேறும். காணாதது மேசை இழுப்பறையில் உறங்கும். இதனை ராபர்ட் ரோசென்தால் 1979-இல் எடுத்துரைத்தார். அச்சேறியவற்றை மட்டும் கூட்டினால் எந்த மருந்தும் அமுதமாகத் தோன்றும்.

இதனினும் நுட்பமானது இடவேறுபாடு. மேற்சொன்ன ஸ்டீராய்டு ஊசியையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் வளம்மிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் திரண்ட சான்றை நம்பி, இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஊர்ப்புறங்கள் வரை அதனைக் கொண்டுசெல்லும் முயற்சி சோதிக்கப்பட்டது. 2015-இல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்தது. மிகச் சிறிய சிசுக்களின் இறப்புக் குறையவில்லை. எல்லாச் சிசுக்களையும் சேர்த்துப் பார்க்கையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 24 ஆக இருந்த இறப்பு ஊசி பரவிய பகுதிகளில் 27-க்கு மேலாயிற்று. தாய்மார்க்குத் தொற்றும் மிகுந்தது. கருவின் வயதைச் சரியாகக் கணிக்க இயலாத இடத்தில், தேவையற்றோர்க்கும் ஊசி போய்ச் சேர்ந்தது. சான்று பொய்யாகிவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. எனவே உலக நல நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில், கருவின் வயதைக் கருவியால் கணித்துக் கவனிக்க வல்ல மருத்துவமனைகளில் மட்டும், மீண்டும் சோதித்தது. 2020-இல் முடிவு வந்தது. ஊசி பெறாத பிரிவில் நூற்றுக்கு 23.5 சிசுக்கள் இறக்க, பெற்ற பிரிவில் 19.6 ஆகக் குறைந்தது. நன்மை தெளிவாகிவிட்டமையால் சோதனையே முன்னதாக நிறுத்தப்பட்டது. ஒரே ஊசி, ஒரே நோக்கம். செய்யும் இடமும் செய்வோர் வசதியும் மாறியபோது விளைவே தலைகீழாயிற்று. 'ஆய்வு கூறுகிறது' எனக் கைப்பேசியில் வரும் மருத்துவச் செய்தியைக் குடும்பத்தார்க்கெல்லாம் அனுப்பிவைக்கும் பெரியோர், எந்த ஊர் ஆய்வு, எத்தனையுள் ஓர் ஆய்வு என ஒருகணம் கேட்டுக்கொண்டால் நன்று.

கிளாஸின் பிற்கால வாழ்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. கல்வியில் ஒரே கற்பித்தல் முறை ஓரிடத்தில் வெல்வதும் மற்றோரிடத்தில் தோற்பதும் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். சராசரியைக் காட்டிலும் அவ்வேறுபாடே முதன்மையானது என்பது அவர் கருத்து. 1993-இல், இணையம் பரவாத காலத்திலேயே, கல்விக் கொள்கை ஆய்வுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க மின்னிதழ் ஒன்றைத் தொடங்கினார். தேர்வு மதிப்பெண்கள் ஆசிரியரையும் பள்ளியையும் தண்டிக்கும் கோலாக மாறியபோது, தாம் இனி அளவீட்டு வல்லுநர் அல்லர் என 2015-இல் வெளிப்படையாக எழுதி, அரை நூற்றாண்டு வாழ்ந்த துறையிலிருந்து விலகி நின்றார். அதனை முதுமையின் சலிப்பெனச் சிலர் கருதக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தராசு செய்தவனுக்கே அதில் எதை நிறுக்கலாகாது என்று சொல்லும் உரிமை முதலில் உண்டு.

நம் மாநிலத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தெற்காசியாவுக்கான காக்ரேன் மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சந்தா செலுத்த, காக்ரேன் தொகுப்புகளை இந்தியர் எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வாய்ப்பு 2007-இல் கிட்டியது. கிளாஸ் வளர்த்த முறையைச் சமூகப் பணிகளுக்கும் கல்விக்கும் மீட்டுக்கொணர 2000-ஆம் ஆண்டில் கேம்பெல் கூட்டமைப்பும் தோன்றியது.

தமிழ்த்துறைகளாகிய நாம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கிறோம்? இலக்கிய ஆய்வுகளைத் திட்ட விலக்கத்தால் வகுக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் ஒரே காப்பியத்தின் உவமைகளைப் பற்றியும் ஒரே நாவலாசிரியரின் பெண் பாத்திரங்களைப் பற்றியும் பல பல்கலைக்கழகங்களில் பலர் எழுதியவற்றை அருகருகே வைத்து, எவ்வெவற்றில் உடன்படுகின்றனர், எங்கே முரண்படுகின்றனர், எவர் மூலத்தைக் கண்டார், எவர் முன்னவர் ஏட்டையே பெயர்த்தெழுதினார் என ஆராய்வதற்குப் புள்ளியியல் வேண்டுவதில்லை. அத்தகைய பணிக்கு முனைவர் பட்டம் வழங்கலாம் என்பது நம் துணிபு. முனைவர் ஆய்வேடுகள் பல 'சோத்கங்கா' தளத்தில் கிடைக்கின்றன. நிறைஞர் பட்ட ஏடுகளின் நிலைதான் இரங்கத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிகளில் அப்பட்டத்தையே கைவிட்டுவிட்டமையால், புதிய ஏடுகள் இனி அருகியே வரும். முன்னர் எழுதப்பட்டவையோ ஒவ்வொரு கல்லூரியின் இரும்பு அலமாரியிலும் தட்டச்சுப் படிகளாகச் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் நம் துறையின் அலமாரியைத் திறந்து, ஆண்டு, தலைப்பு, நெறியாளர், கண்ட முடிவு என்னும் நான்கு கட்டங்களுடன் ஓர் அடைவு எழுதத் தொடங்கலாம். முதுகலை இரண்டாமாண்டு மாணவர் நால்வர் ஒரு பருவம் முயன்றால் அவ்வேலை முடிந்துவிடும்.